வண்டியில் வந்த முடிச்சுகள்

நான் பொறுமைசாலி இல்லை. என்னிடம் ஏச்சு வாங்காத பயிற்சி மருத்துவர் கண்டியில் கிடையாது என்று சத்திரசிகிச்சைக் கூடத்துத் தாதிமார் சொல்லிச் சிரிப்பார்கள். கொரோனா வந்த வருடம் ஏசுவதற்கும் ஆளில்லாமல் போனது. எனக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தம், ஓய்வுபெறும் வயதும் நெருங்கியிருந்தது. கூடத்துக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்து ஒன்லைனில் படிப்பியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போன மனைவி ஊரடங்கில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். ஹந்தானை மலையடியில் இருக்கும் எங்கள் வீட்டில் நானும் ஒரு லெப்டொப்பும் மிஞ்சினோம்.

காலை பத்து மணிக்கு வகுப்பு, வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பதினொரு பயிற்சி மருத்துவர்களுக்கு. சிக்னல் போதாது என்று எல்லோரும் கமராவை மூடிவைத்திருப்பார்கள். பதினொரு கறுப்புக் கட்டங்களைப் பார்த்தபடி, நான் இருக்கும் கதிரையின் கையில் நூலைச் சுற்றி, இரத்தக்குழாயைக் கட்டும் முடிச்சைப் போட்டுக் காட்டுவேன். "விளங்குதோ?" என்று கேட்டால் நாலு பேர் "யெஸ் சேர்" என்று எழுதுவார்கள். வகுப்பு முடிந்ததும் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறையும். கடைசிக் கட்டம் மறைவதற்கு முன்பே நான் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவேன். தனிமை என்னைத் தின்றது. இப்போது சொல்கிறேன், அப்போது யாரிடமும் சொல்லவில்லை. "சாப்பிட்டீங்களோ?" என்று மனைவி போனில் கேட்பாள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் "ஓம்" என்பேன்.

முடிச்சைக் கண்ணால் பார்த்து நம்பக்கூடாது. பார்வைக்கு இறுகியிருக்கும், இழுத்தால் வழுக்கும். உடம்புக்குள் அப்படி ஒன்று வழுக்கினால் நோயாளி இரத்தம் போயே இறந்துவிடுவார். அதனால் பிள்ளைகள் போடும் முடிச்சுகளை நானே விரல் விட்டு இழுத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். லெப்டொப்புக்குள் எங்கே விரலை விடுவது?

பதினொரு பேரில் ஒருத்தி நாவலப்பிட்டிக்கு அப்பால் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய பெரிய டொக்டர் தனிமைப்படுத்தலுக்குப் போகவேண்டி வந்தது. திங்கட்கிழமை முதல் அவசர சத்திரசிகிச்சைகளை அவள் தனியே செய்யலாமா என்று நான்தான் சொல்லவேண்டும். "முடிச்சுகளை அனுப்பும்" என்றேன். பஸ் ஓடவில்லை. மருந்து ஏற்றக் கண்டிக்கு வரும் வண்டியின் சாரதியிடம் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். உள்ளே ஓர் அகப்பைக் காம்பில் வரிசையாகப் பத்து முடிச்சுகள். பார்க்க அவ்வளவு வடிவு. இழுத்தேன். பத்தும் வழுக்கின.

உடனே போன் எடுத்தேன். "இது முடிச்சோ? சப்பாத்து லேஸைக்கூட ஆக்கள் இதைவிட இறுக்கிக் கட்டுவினம். என்னத்தைப் பார்த்துக் கட்டினீர்?" வாய்க்கு வந்தபடி ஏசினேன். பல நாளுக்குப் பிறகு ஏச ஒரு மனிதர் கிடைத்தது இதமாகவே இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

அவள் அழவில்லை. "சேர், நீங்க காட்டின மாதிரியேதான் கட்டினேன். ரெக்கோர்டிங்கைப் போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் சேர் கட்டினேன்" என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். காலையில் நான் கட்டிய முடிச்சு கதிரைக் கையில் அப்படியே இருந்தது. இழுத்தேன். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது.

நூலின் இரண்டு நுனியையும் எதிரெதிராக, தட்டையாக இழுத்தால்தான் முடிச்சு பூட்டும். கையை அகட்டினால் கமராவுக்குள் அடங்காது என்பதற்காக, நான் இரண்டையும் சேர்த்து மேலே தூக்கியிருக்கிறேன். ஒரு நாள் அல்ல, வாரக்கணக்கில். கூடத்தில் என்றால் எதிரே நிற்கும் தாதி "சேர்?" என்று ஒரு பார்வை பார்த்திருப்பாள். இங்கே என் கையைப் பார்க்க எதிரே யாரும் இல்லை.

திரும்ப அவளுக்குப் போன் எடுத்தேன். "பிழை என்னில. உம்மில இல்லை." லெப்டொப்பைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வைத்து, கை இரண்டும் தெரியும்படி, ஒரு மணித்தியாலம் அவளுக்கு மட்டும் மறுபடி காட்டினேன். மற்றப் பத்துப் பேரையும் அன்றே ஒன்லைனில் கூட்டிப் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர்களுக்கும் முடிச்சைச் சரியாகக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே வண்டியில் இன்னொரு பிஸ்கட் பெட்டி வந்தது, உள்ளே புதிதாகப் பத்து முடிச்சுகள். ஒவ்வொன்றாக இழுத்தேன். நூல் விரலில் பதிந்து சிவந்தது, முடிச்சு அசையவில்லை. பத்தாவதைக் கையிலிருந்து விட்டுவிட மனமில்லாமல் இழுத்துக்கொண்டே நின்றேன். மறுமுனையை ஒருவர் பிடித்திருப்பதுபோல இருந்தது.

"முடிச்சு நிக்குது. நாளைக்குச் செய்யும்" என்று போனில் சொன்னேன். "தேங்க்ஸ் சேர்" என்றாள். அத்தோடு விசயம் முடிந்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் போனை வைத்துவிடுவேன்.

"அங்க மழையோ?" என்று கேட்டேன்.

"ஆமா சேர், விடிஞ்சதுல இருந்து பெய்யுது." கொஞ்சம் தயங்கினாள். "சேர் சாப்டீங்களா?"

"இல்லை" என்றேன்.