ஏழு கோபெக் நீலம்

ஷர்ஷென்பாயை ஏமாற்றி ஒரு டயரை விற்றவன் பிஷ்கெக் நகரத்தில் இதுவரை பிறக்கவில்லை. எந்த லாரிக்காரனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பரை ஒட்டி, பளபளவென்று மை தேய்த்துக் கொண்டுவருவார்கள். அவர் கண்ணைக்கூடத் திறக்கமாட்டார். நகத்தால் ஒரு கீறல், அவ்வளவுதான். "எடுத்துட்டுப் போடா" என்பார். நரின் மலையிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் இறங்கி வந்தவர். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இன்றைக்குப் பட்டறைகளும், இரும்புக் கதவு போட்ட வீடும் இருக்கின்றன என்றால் எல்லாம் இரண்டு கைகள் சம்பாதித்தவை. யாரும் ஊட்டிவிடவில்லை. இதை அவர் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருக்கு நெஞ்சுவலி வந்தது. உட்கார்ந்தபடி செய்கிற வேலை எதையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னாள் டாக்டர். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. அப்போதுதான் மருமகன் தாலாய்பெக் ஒரு தடித்த ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தான். முழுக்கப் பழைய தபால்தலைகள்.

பழைய தேசம் உடைந்த பிறகு, தலைமுறைகளாக அங்கே இருந்த ஜெர்மன்காரர்களும் ரஷ்யர்களும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. போகிறவர்களின் வீட்டை வாங்கி விற்பது தாலாய்பெக்கின் தொழில்.

"யாரோ போட்டுட்டுப் போனது மாமா. அடுப்புல போட வேண்டியது, உங்க ஞாபகம் வந்துச்சு. வெச்சுக்கங்க" என்றான். வலது கையில் கட்டுப் போட்டிருந்தான். விற்கப் போன வீட்டில் நாய் கடித்துவிட்டதாம்.

முதல் வாரமே அதில் நாலைந்து தபால்தலைகளைக் கொதிக்கிற தேநீர்த் தண்ணீரில் போட்டு அலசினார் ஷர்ஷென்பாய். டயரை அப்படித்தானே கழுவுவோம். சிவப்பெல்லாம் கரைந்து ரோஜாத் தண்ணீர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக் மரப் பூங்காவில் கூடுகிற சேகரிப்பாளர்களிடம் போக ஆரம்பித்தார். ஆல்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் எல்லாரையும் பார்ப்பார். குறையுள்ள சரக்கைக் கடைக்கு வெளியே காட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அங்கே பெரிய தலை ரயீஸா. வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வாய்த் துடுக்குக்கு நாவிதன் தாவுத். "வாங்க டயர் முதலாளி, இன்னிக்கு எந்த ஸ்டாம்பைக் காத்தடிச்சு வீங்க வெச்சீங்க?" என்பான். சிரிப்பார்கள். ஒரு பெஞ்சில் மட்டும் யாரும் உட்காரமாட்டார்கள். அது ஓட்டோ பெட்ரோவிச்சின் இடம். போன இலையுதிர் காலத்தில் யாரிடமும் சொல்லாமல் ஜெர்மனிக்குப் போய்விட்டார் என்றார்கள். அவருடைய செம்பட்டை நாய் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் வந்து அந்தப் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். ரொட்டி போட்டால் தின்னும். கூப்பிட்டால் வராது.

அச்சு வேறுபாடுகளை அங்கேதான் காதில் வாங்கினார். கட்டை அச்சு என்றால் மை ஓரத்துக்குப் பிதுங்கி நிற்கும், பின்பக்கம் லேசாகப் புடைக்கும். கல் அச்சு தட்டையாக, உயிரில்லாமல் கிடக்கும். ரஷ்ய ஜார் மன்னர் காலத்துக் கழுகுப் படம் போட்ட தபால்தலைகளில் முதலில் அடியிலே மங்கலான அலைக்கோலம் ஒன்றை அடிப்பார்கள், அதன் மேல்தான் கழுகும் எழுத்தும். எப்போதாவது ஒரு தாளைத் திருப்பி வைத்து அடித்திருப்பார்கள். கழுகு நேராக நிற்கும், அடிக்கோலம் தலைகீழாக இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கேட்டதும் ஷர்ஷென்பாய்க்கு உடம்பு சிலிர்த்தது. முதலில் ஒன்று, மேலே இன்னொன்று! பழைய டயர், புது ரப்பர். இது அவர் சாம்ராஜ்யம் அல்லவா.

குளிர்காலம் முழுக்க லென்ஸும் கையுமாக உட்கார்ந்தார். ஒரே மாதிரி இரண்டு தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அலையின் வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் ஏழு கோபெக் காசு விலைபோட்ட நீலத் தபால்தலை ஒன்றில் அலை எதிர்ப்பக்கம் வளைந்தது. கழுவாத கண்ணோ என்று கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். எதிர்ப்பக்கம்தான். இடது மேல் மூலையில், ஓரத்து ரம்பப் பற்களில் ஒன்று மழுங்கியிருந்தது. பிஷ்பெக் என்று இந்த ஊரின் பழைய பெயர் போட்ட முத்திரை, பாதி வட்டம் மட்டும் விழுந்திருந்தது. யாரும் சொல்லித்தராமல் தன் கண்ணால் கண்டுபிடித்தது. அன்று அவருக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த ஞாயிறு அதை மட்டும் ஒரு கண்ணாடித்தாள் உறையில் போட்டு, சட்டைப்பையில் வைத்து எடுத்துப் போனார்.

"தாவுத், காத்தடிச்சேனான்னு கேட்டியே. இதுல ஊதிப் பாரு."

தாவுத் லென்ஸை வைத்துப் பார்த்தான். கேலி பண்ண வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். லென்ஸையும் தபால்தலையையும் ரயீஸாவிடம் நீட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"கோலம் தலைகீழ்தான்" என்றாள். "யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான் அக்கா. வேற யாரு?"

"இது எங்கேருந்து வந்துச்சு?"

மருமகன் கொடுத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் இத்தனை பேர் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போது, இனாமாக வந்தது என்று ஷர்ஷென்பாய் எப்படிச் சொல்வார்? இனாமாக ஒரு ஆணிகூட வாங்காதவர்.

"பக்கத்து ஊர் டோக்மோக்ல ஒரு கிழவி வெச்சிருந்தா. பழைய தாளு, குப்பை, ஒரு பெட்டி நிறைய. நானே கிளறி, நானே எடுத்தேன். வேற எவன் கண்ணுக்கும் சிக்கல."

யாரும் பாராட்டவில்லை. தாவுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடை திறக்க வேண்டும் என்று முனகியபடி நகர்ந்தான். மற்றவர்களும் ஆல்பங்களை மூடினார்கள். பெஞ்சுக்கு அடியில் கிடந்த நாய் எழுந்து வந்து, ரயீஸாவின் கையில் இருந்த உறையை முகர்ந்தது. பிறகு ஷர்ஷென்பாயின் காலடியில் படுத்துக்கொண்டது. அதுவரை அது யார் காலடியிலும் படுத்ததில்லை.

"மழுங்கின பல்லு, பாதி முத்திரை" என்றாள் ரயீஸா, குரலைத் தாழ்த்தி. "இது ஓட்டோவோடது. அவரோட தாத்தா இந்த ஊருக்கு வந்து போட்ட முதல் கடுதாசில ஒட்டினது. ரொட்டிக்கு வழியில்லாத காலத்துலகூட விக்காதவரு. என்னைப் புதைக்கும்போது சட்டைப்பையில வெச்சுடுங்கன்னு சொல்லுவாரு."

"ஜெர்மனிக்குப் போறப்ப வித்திருப்பாரு."

"நாங்களும் போயிட்டாருன்னுதான் நினைச்சோம்." அவள் தபால்தலையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "இதை விட்டுட்டு அவரு போகமாட்டாரு, ஷர்ஷென்பாய். நாயை விட்டுட்டும் போகமாட்டாரு. நாங்கதான் மடையங்க, யோசிக்கல. அந்தக் கிழவி வீடு எங்கேன்னு சொல்லுங்க. நாளைக்குப் போலீஸோட போய்ப் பாத்துடுவோம்."

"தெரு பேரு மறந்துபோச்சு" என்றார் அவர். தன் குரல் தனக்கே பழக்கமில்லாமல் கேட்டது.

கால்வாய் ஓரமாக ஒரு திண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தாலாய்பெக்கின் கட்டுப் போட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. கடித்தது அந்தச் செம்பட்டை நாயாகத்தான் இருக்க வேண்டும். தழும்பு இன்னும் இருக்கிறது, சாப்பிடும்போதெல்லாம் பார்க்கிறார். உண்மையைச் சொன்னால் மகள் பெர்மெத்தின் வாழ்க்கை போயிற்று. சொல்லாவிட்டால் டோக்மோக் கிழவியைத் தேடுவார்கள். அவள் கிடைக்கமாட்டாள், ஷர்ஷென்பாய்தான் கிடைப்பார். தானே கிளறி எடுத்தேன் என்று ஊர் முன்னால் சொன்ன வாய் அல்லவா. அதைவிட ஒன்று நெஞ்சை அழுத்தியது. அவனோடு ஒரே கூரைக்குக் கீழே பெர்மெத்தும் குழந்தையும் இருக்கிறார்கள்.

வீட்டுக்குப் போனபோது தாலாய்பெக்கின் வெள்ளைக் கார் வாசலில் நின்றது. ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவனே ஆட்டை அறுத்து வேகவைத்திருந்தான். எல்லாரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்ததும், ஆவி பறக்கிற ஆட்டுத் தலையைத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் மாமனாருக்கு நீட்டினான். கத்தியையும் கொடுத்தான். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"எங்க மாமா இவ்வளவு நேரம்? நான் தாவுத் கடைக்குப் போய்ச் சவரமே பண்ணிட்டு வந்துட்டேன்."

ஷர்ஷென்பாய் ஆட்டின் காதை அறுத்துப் பேத்திக்குக் கொடுத்தார். பெரியவர்கள் சொல்லைக் கேட்டு வளர வேண்டும் என்று கொடுப்பது.

"தாவுத் சொன்னான்" என்றான் தாலாய்பெக், ரொட்டியைப் பிய்த்தபடி. "டோக்மோக் கிழவிகிட்ட வாங்கினேன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"நல்லா சொன்னீங்க மாமா." சிரித்தான். "அப்படியே இருக்கட்டும்."

பெர்மெத் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "எந்தக் கிழவிப்பா?"

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். ஆட்டுக் கண்ணைத் தோண்டினார். யார் எப்போதும் தன் கண்ணெதிரே இருக்க வேண்டுமோ அவர்களுக்குத்தான் கண்ணைக் கொடுப்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அது தாலாய்பெக்குக்குத்தான். இன்றும் அவன் பழக்கத்தில் கையை நீட்டியிருந்தான். ஷர்ஷென்பாய் அதைப் பெர்மெத்தின் கையில் வைத்தார். மற்றக் கண்ணையும் எடுத்து அவள் கையிலேயே வைத்தார்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மடங்கியது.

"பெர்மெத், கோட்டைப் போடு. பிள்ளைக்கும் போடு" என்று எழுந்தார் அவர்.

"சாப்பாடு ஆறிடும்பா. எங்க போறோம்?"

"டோக்மோக்குக்கு. கிழவியைப் பாத்துட்டு வருவோம்."

"அப்படி ஒரு கிழவி இல்லையே, மாமா" என்றான் தாலாய்பெக், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாக.

"தெரியும்" என்றார் ஷர்ஷென்பாய்.

அவர் தன் காரை எடுத்தபோது தாலாய்பெக் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரு முனையில் டோக்மோக் சாலைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம், ரயீஸாவின் வீடு இருக்கிற பக்கம் திரும்பினார். நீலத் தபால்தலை சட்டைப்பையில் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெர்மெத் குழந்தையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் தாலாய்பெக்கின் வெள்ளைக் கார் தெரிந்தது. அதுவும் வலது பக்கம் திரும்பியது.

சாலையெல்லாம் உறைபனி. மற்ற வண்டிகள் தடுமாறி ஊர்ந்துகொண்டிருந்தன. வெள்ளைக் கார் மட்டும் தடம் பிசகாமல் வந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலம் தொடங்கியபோதுதான் அதற்குப் பனிக்கால டயர் மாட்டினார் ஷர்ஷென்பாய், தன் கையால், ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்து. எந்த வளைவிலும் அது வழுக்காது.