பேர் சொல்லாத ஞானமணி

லாரிச் சத்தம் கேட்டதும் தையற்காரம்மா ஞானமணியின் கால் பெடலில் நின்றுவிடும். வண்டி ஆவூர் மாதா கோயிலைத் தாண்டிச் சத்தம் தேயும்வரை ஊசி துணிக்குள்ளேயே இருக்கும். பிறகுதான் மூச்சு. அதன் பிறகு தையல்.

தையல் மெஷின் வாசலைப் பார்த்திருக்கிறது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஞானமணிதான் கழற்றச் சொன்னார். அளவுகளை எழுதி வைப்பதில்லை, எல்லாம் நினைவில். ஆட்களுக்குப் பேரும் கிடையாது. "பச்சைப் பாவாடை வந்துச்சா?" என்பார். "கை நீளமானவுக நாளைக்கு வருவாக." பெற்ற மகனும் "ராசா"தான். காக்கித் துணியைத் தொடமாட்டார்.

தபால்காரர் நாகராசு விடமாட்டார். "ஒரு பட்டனுக்கு நான் இலுப்பூர் போகவா? என்னமோ ஒங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போக வந்த மாதிரியில்ல பாக்குறீங்க!"

"வெள்ளைச் சட்டை கொண்டாங்க தம்பி. ரெண்டு பட்டன் சேத்தே வைக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். மகன் லூர்துநாதன் மின்வாரியத்தில் வயர்மேன். காக்கியைச் சைக்கிள் கடையிலேயே மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான்.

மலாயாவில் வெள்ளைக்காரனை விரட்டக் காட்டுக்குள் போனவர்களுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் அரிசி திரட்டியவர் ஞானமணி. நாற்பது வீடு. எந்த வீடு, எந்தக் கிழமை, யார் கையில் என்பதற்கெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. 1948இல் காக்கி உடுப்புப் போலீசார் லாரியில் வந்து அவரைப் பிடித்தார்கள். அரிசி யார் யார் தருகிறார்கள் என்று கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை. எட்டு வயது லூர்துநாதனைத் தூக்கி லாரியில் போட்டார்கள்.

நாற்பது வீட்டுப் பேரும் நாக்கில் இருந்தன. அவர் தன் புருஷன் பேரை மட்டும் சொன்னார்.

மகனை இறக்கிவிட்டார்கள். மூன்றாம் நாள் அதே லாரியில் புருஷன் பங்கிராஸைக் கொண்டுபோனார்கள். அப்புறம் தகவல் இல்லை. தாயையும் மகனையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால், பூசையில் வாசிக்க இறந்தவர் பேர்களைக் கேட்டு, கோயில் உபதேசியார் சந்தனசாமி வீடு வீடாக வருவார். "இந்த வருசமாச்சும் வீட்டுக்காரர் பேரைக் குடுங்கம்மா." ஞானமணி துணியில் குனிந்துகொள்வார். "இந்தக் காலத்துலயும் புருசன் பேரைச் சொல்லாத பொம்பள!" என்று தெருவெல்லாம் மெச்சிக்கொண்டு போவார் உபதேசியார்.

1961ஆம் வருஷம் லூர்துநாதன் குறுக்கே வந்தான். "பேரு எழுதுற காகிதத்தைக் குடுங்க. சாயந்தரம் கோயில்ல வந்து தாரேன்."

உபதேசியார் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தார் அம்மா.

"வேணாம் ராசா. செத்தாருன்னு ஆரு பாத்தா? எங்கிட்டாச்சும் ஒளிஞ்சு கெடந்தா? நான் ஒருக்கா சொன்னது பத்தாதா?"

"அப்ப அவருக்காக நான் எப்பத்தாம்மா அழுவுறது?"

பெடல் நின்றது. தெருவில் லாரி எதுவும் இல்லை. ஞானமணி, மெஷின் பலகையில் கிடந்த கத்தரிக்கோலை நகர்த்திக் காகிதம் வைக்க இடம் விட்டார்.

திருநாளன்று பூசையில் பங்குச் சாமியார் பட்டியலை வாசித்தார். பக்கக் கதவை ஒட்டிக் கடைசி வரிசையில் ஞானமணி முழங்காலில் இருந்தார். பக்கத்தில் மகன்.

"பங்கிராஸ்."

கோயிலில் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ஞானமணி மட்டும் வெடுக்கென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.