ஒரே மணி

நொதிக்குள்ளே, அதாவது என்சைமுக்குள்ளே, ஒரு புரோட்டான் தடையை ஏறித் தாண்டாமல், சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதிலேயே அவளுக்குப் பாதி வயசு போயிருந்தது. அதற்கு அந்தப் புரோட்டானை ஒரே புள்ளியாக இல்லாமல், முப்பத்திரண்டு மணிகள் கோத்துப் பரவி நிற்கும் வளையமாகக் கணக்கில் வைக்க வேண்டும்.

விடை ஆய்வகத்தில் அளந்த வினை வேகத்தோடு அச்சு அசலாகப் பொருந்த, பேராசிரியர் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். அப்புறம்தான் பார்த்தாள்: நிரலில் ஒத்திகைக்குப் போட்ட ஒரே மணி முப்பத்திரண்டாக மாற்றப்படாமலே இருந்தது. ஒரே மணி என்றால் வெறும் கோலிக்குண்டு, சுவருக்குள் புகாது.

திருத்தி மறுபடி ஓட்டவிட்டாள்.

"வேற பதில் வந்தா?" என்றான் கணவன், போனில்.

"பேராசிரியர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அதே பதில் வந்தா தப்பிச்சே."

"அதே பதில் வந்தா..." திரையில் ஓடும் எண்களைப் பார்த்தாள். "இத்தனை வருஷம் நான் கோத்த மணியெல்லாம் எதுக்குங்க?"