ரஹ்மத் அக்கா கலந்து வைத்த நீலம்

காலையில் நஸீர் அண்ணன் போன் செய்தார். குரலில் அழுகை இல்லை. அவசரம் இருந்தது.

"அக்கா மௌத்தாயிட்டாங்க பாப்பா. தூக்கத்துலயே. பள்ளிவாசல் மைக்ல சொல்லப் போறாங்க. அத்தா பேரு சொல்லிடுவாங்க, என் பேரு சொல்லிடுவாங்க. அக்காவை என்னன்னு சொல்றது?"

"ஓவியர்னு சொல்லச் சொல்லுங்க."

அவர்கள் தெருமுனையில் நான் ஸ்கூட்டரை நிறுத்தியபோது ஒலிபெருக்கி பேசிக்கொண்டிருந்தது. மர்ஹூம் அப்துல் கரீமின் மகளும், அச்சகம் நஸீரின் அக்காவும், ஓவியருமான ரஹ்மத்துன்னிசா. அந்தத் தெருவில் ஒரு பெண்ணின் மரணத்தை அப்படி அறிவித்து நான் கேட்டதில்லை. டீக்கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பெருமைதான் வந்தது.

உங்களில் பலருக்கு அவரை அவருடைய படங்கள் வழியாகத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பறந்த போர்விமானங்கள். ஒரு விமானத்தைத் தேர்ந்து, அதை ஓட்டியவரின் குடும்பத்தைத் தேடிப் பிடித்து, வரைந்து, எண்ணிட்ட சில பிரதிகள் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். பிறகு அந்தப் படம் மறுபடி அச்சாகாது. அவற்றைச் சேகரிப்பவர்கள் லியோனிலும் இருக்கிறார்கள், ரெட்டியார்பாளையத்திலும் இருக்கிறார்கள். படத்தோடு வரும் சிறு குறிப்பை எழுதியது நான். அதனால் அவருக்கு நான் கவிதாயினி. அது பாராட்டு இல்லை.

"நாலு வரி கேட்டா ரெண்டு வார்த்தை எழுதிட்டு மீதியை வெள்ளையா விட்டுடறே. பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?"

அவருடைய பெயர் படத்துக்கு வரப் பல வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் இந்த ஊரில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சு ஓவியரிடம் வேலை செய்தார். விமானத்தை அவர் வரைவார். வானமும் கடலும் ரஹ்மத் அக்கா. அதில் கசப்பு இருந்ததா என்று ஒருமுறை கேட்டேன்.

"முசியே நல்ல மனுசன். ஆனா கையெழுத்து விமானத்துக்குத்தான். வானத்துக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

முசியே ஊர் திரும்பியதும் அக்கா விமானங்களையும் தானே வரைய ஆரம்பித்தார். முதல் படம் ஒரு ஹரிக்கேன். போரில் நம் ஆட்கள் பர்மா முனையில் ஓட்டிய விமானம். வேலை முடித்து, அந்தியில், ஓர் ஆற்றின் மேல் தாழ்வாகத் திரும்பி வருகிறது. நாம் கரையில் நின்று பார்க்கிறோம்.

அந்த ஆற்றுக்காக என்னை அரியாங்குப்பம் பாலத்துக்கு அழைத்துப் போனார். நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பின்னால் கடலூர் பஸ். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "ஏம்மா, விழறதுன்னா ஓரமா போய் விழுங்களேன்!"

அக்கா திரும்பவே இல்லை. "பாத்துக்கிறேன் இருப்பா, தண்ணியைத்தான். இந்தச் சேறு, இந்த வெளிச்சம். இதான் பர்மா."

எதிரி விமானம் எரிந்து விழும் காட்சியை அவர் ஒருபோதும் வரைந்ததில்லை. சேகரிப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். "போறதை வரைவேன். வர்றதை வரைவேன். நடுவுல நடந்ததைப் போனவங்களே சொல்லல, நான் என்ன சொல்றது?"

கையெழுத்து நாள் நினைவிருக்கிறது. பழைய செய்தித்தாள் முழுக்க எழுதிப் பழகிவிட்டு, பிரதிகளில் தமிழில் போட்டார். முழுப் பெயரும்.

"வெளிநாட்டுக்காரன் எப்படிக்கா படிப்பான்?" என்றார் நஸீர் அண்ணன்.

"படம் படிக்கத் தெரியுதுல்ல? போதும்."

பிரதிகள் எல்லாம் விற்றுப் போயின. பாராட்டுகள் வந்தன. வானத்தையும் விமானத்தையும் ஒரே ஆள் வரைந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த வரியை அக்கா என்னை இருமுறை வாசிக்க வைத்தார்.

பிறகு அந்தப் புகைப்படம் வந்தது.

படத்தில் பறக்கிற விமானியின் மகன் பெங்களூரில் இருக்கிறார். அவருக்கே வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டைச் சுத்தம் செய்யும்போது அப்பாவின் இன்னொரு படம் கிடைத்தது என்று அன்பாக அனுப்பியிருந்தார். அக்கா அதை ஜன்னலருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

விமானத்தின் பக்கவாட்டில் வட்டமாக ஓர் அடையாளம் இருக்கும். நீலத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு. அக்கா வரைந்தது அப்படித்தான். அவருக்கு முதலில் கிடைத்த புகைப்படம் அப்படி. ஆனால் அது பயிற்சிக் காலத்தில் எடுத்தது. பர்மா முனைக்குப் போன பிறகு அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். எதிரி விமானத்தின் அடையாளம் சிவப்பு வட்டம். தூரத்தில் சிவப்பைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று நடுவில் வெளிர் நீலம் பூசினார்கள். புதிய புகைப்படத்தில் வட்டத்தின் நடு வெளுத்திருந்தது.

"நான் என்ன பண்ணி வச்சிருக்கேன் பாத்தியா?" என்றார். "சிவப்போட வர்றான். கரையில நிக்கிறவன் சுட்டுடுவான்."

நஸீர் அண்ணன் சமாதானம் சொன்னார். "வித்து முடிஞ்சிருச்சுக்கா. யாரும் கண்டுபிடிக்கல. சொன்னா உன் பேருதான் கெடும். மொத படம் வேற."

"என் பேரு போட்டிருக்கில்ல? அதான் சொல்லணும்."

அன்றே மூலப்படத்தைத் திருத்தினார். என்னை உட்காரவைத்து, வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுதச் சொன்னார். தப்பு என்னுடையது, படத்தைக் கொண்டுவாருங்கள், அல்லது அனுப்புங்கள், என் கையால் திருத்தித் தருகிறேன். நான் நயமாக ஏதோ சேர்த்தேன். அடிக்கச் சொன்னார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல எடிட்டர்.

பதில்கள் வந்தன. பெரும்பாலும் ஒரே பதில். வேண்டாம். தப்போடு இருக்கும் பிரதிக்குத்தான் மதிப்பு கூடும். சேகரிப்பவர்களின் வழக்கம் அது. அவருடைய பெயர் கெடவில்லை, தப்பினாலேயே பரவியது. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

ரெட்டியார்பாளையம் சவேரி ஐயாவை உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், இந்த ஊர்ப் பேச்சில் சொல்தா. தன் பிரதியைத் தொடவே விடவில்லை.

"நோன் மதாம். தப்புதான் இதுல அழகு. விடுங்க."

"அழகா? உங்க வீட்டுச் சுவத்துல தெனம் அவனைச் சுட்டுக்கிட்டு இருக்கீங்க ஐயா. நீங்களும் யூனிஃபார்ம் போட்டவர்தானே?"

அவர் சிரித்துக்கொண்டே போனார். படத்தைக் கொண்டுவரவில்லை.

கொண்டுவந்தவர் விமானியின் மகன். பெங்களூரிலிருந்து, சட்டத்தோடு, காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து. ஒரு பெரியவரைக் கூட்டி வருவது போல. உள்ளே வந்ததும் ஒன்றுதான் சொன்னார்.

"அப்பாவைப் பத்திரமா இறக்கி விடுங்கம்மா."

அக்கா சட்டத்தைக் கழற்றிவிட்டு வெளிர் நீலம் கலந்தார். நின்றபடியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெள்ளையும் சிவப்பும் மறையும்படி ஒரே பொட்டு. பிறகு கீழே, தன் பெயருக்கு அடியில், பென்சிலால் எழுதினார். திருத்தியது. அதை எழுதும்போது கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

மகன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இப்ப வந்துடுவாரு," என்றார்.

அதன் பிறகு சிலர் வந்தார்கள். சிலர் அனுப்பினார்கள். எல்லோரும் இல்லை. ஆனால் அவருடைய அடுத்த படங்களை நம்பி வாங்கியவர்கள் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காக வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். திருத்தியது. கலைக்குப் பெரிய விளக்கங்களை நான் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். இவ்வளவு சிறிதாக ஒன்று அங்கே இருக்கவில்லை.

போன மாதம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அக்கா முதலில் செய்த வேலை, நீலம் கலந்தது. மூடி போட்ட சின்ன பாட்டிலில் ஊற்றி என்னிடம் கொடுத்தார்.

"இன்னும் வராதவங்க இருக்காங்க. வந்தா வச்சுடு."

"நான் ஓவியர் இல்லக்கா."

"பொட்டு வைக்கத் தெரியும்ல? நீ தெனம் வைக்கிற. எனக்குத்தான் பழக்கமே இல்ல, நானே வச்சுட்டேன்."

இருவரும் சிரித்தோம்.

அடக்கத்துக்கு ஆண்கள் போனார்கள். நான் வீட்டில், பெண்களோடு. அவர்கள் திரும்பியபோது கூட்டத்தில் சவேரி ஐயா இருந்தார். கபரஸ்தானுக்குப் போய்விட்டு, வழியில் தன் காரிலிருந்து எடுத்து வந்திருந்தார். போர்வையில் சுற்றிய சட்டம்.

"நேத்து வந்திருக்கணும்," என்றார். போர்வையை அவிழ்த்தார். "யாரு வைப்பா இனிமே?"

நஸீர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கைப்பையைத் திறந்தேன்.

படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவைத்து, அக்கா நின்ற இடத்தில் நின்றேன். நீலம் கெட்டிப்படாமல் இருந்தது. அக்காவின் நடுங்காத கையை நினைத்துக்கொண்டேன். வைத்தேன். ஓரம் கொஞ்சம் கோணல். ஐயா குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "சுட மாட்டாங்க," என்றார். ஒரு ராணுவ வீரர் சொல்லும் விதத்தில்.

அக்காவின் பெயருக்குக் கீழே நான் எதுவும் எழுதவில்லை. அந்த இடம் அவருடையது.

என்னிடம் அவருடைய படம் ஒன்றும் இல்லை. இந்த பாட்டில் இருக்கிறது. முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. உங்கள் சுவரில் அந்த ஹரிக்கேன் இன்னும் சிவப்போடு பறந்தால், இறக்கிக் கொண்டுவாருங்கள். கோணலாக வைப்பேன். ஆனால் வைப்பேன். வெளிச்சம் போவதற்குள் அவன் கரை சேரட்டும்.