வேட்டியைச் சுற்றிப் போன தலைப்புச் செய்தி

காலையில் பேப்பர் படித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வரட்டும் என்றுதான் வாங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம். முன்பெல்லாம் டிவி செய்தியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கும் பொம்பளை வீட்டுக்குள் யாரைத் திட்டுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பயந்துபோனார்கள். அதனால் எழுத்துக்கு மாறினேன். பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, தலைப்புக்குப் பக்கத்திலேயே என் பதிலை எழுதிவிடுவேன்.

‘மழைக்கு முன் வடிகால் பணிகள் முடியும்’ என்று போட்டிருந்தான். ‘எந்த மழை என்று கேட்டுச் சொல்’ என்று எழுதினேன். ‘தங்கம் விலை மீண்டும் உயர்வு’ என்றான். ‘உயரட்டும், என் கழுத்து இருந்த இடத்தில்தான் இருக்கிறது.’ ‘கடும் வெயில்: மதியம் வெளியே வர வேண்டாம்’ என்பதற்கு, ‘சரி, ரேஷன் கடைக்கு நீ போய் நில்.’ செவ்வாய்க் கிரகத்தில் தண்ணீர் இருந்த தடயமாம். ‘எங்கள் போர்வெல்லிலும் தடயம் மட்டும் இருக்கிறது.’ பிரபல நடிகை மனம் திறந்தார். ‘மூடச் சொல்.’

இதில் ஒரு சுகம் இருக்கிறது. முப்பது வருஷம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றவள் நான். நாற்பது புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, “கலர் ஒண்ணும் சரியில்ல” என்று எழுந்து போவார்கள். நான் சிரித்த முகமாக, “ஸாரி மேடம், அடுத்த வாரம் புது ஸ்டாக் வருது” என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கில்லை. ஓய்வு பெற்ற அன்று இரண்டு முடிவு எடுத்தேன். இனி ஒரு புடவையையும் மடிக்க மாட்டேன். இனி ஒருவரிடமும் ஸாரி கேட்க மாட்டேன்.

புடவை மடிக்க மாட்டேன் என்பதால் என் புடவைகள் இஸ்திரிக்குப் போகின்றன. மேற்கு மாம்பலத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில், மதில் ஓரமாக, புங்க மரத்தடியில் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி நிற்கும். வேட்டி, புடவை மடிப்பு கலையாமல் இருக்கப் பழைய பேப்பரில் சுற்றித்தான் கொடுப்பார். அந்தப் பேப்பர் நான் கொடுப்பது. பழைய பேப்பர்க்காரரின் தராசின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் வாரம் ஒரு கட்டு இவருக்குக் கொடுத்துவிடுவேன். நான் எழுதியதெல்லாம் அதோடு சேர்ந்து தெருத்தெருவாக வீடு ஏறுகிறது என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

போன மாதம் ஒரு தலைப்பு வந்தது. ‘நடைபாதை ஆக்கிரமிப்புகள் அகற்றப்படும்.’ எனக்குக் கை பரபரத்தது. ‘முதலில் எங்கள் சங்கச் செயலாளரின் காரை அகற்று. மூன்று வருஷமாகப் போர்வை போர்த்திக்கொண்டு நடைபாதையில் படுத்திருக்கிறது. மாலை போடாத குறைதான்’ என்று எழுதினேன். அது பொய் இல்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கார் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. போர்வைக்குள் ஒரு பூனை குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

அந்த வாரம் என் புடவைகள் பேப்பர் இல்லாமல், ஒரு துண்டில் முடிந்து வந்தன.

“பேப்பர் எங்கே?” என்றேன்.

“அத்த வுடுக்கா. இனிமே துண்டுதான்.” இஸ்திரிக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐம்பது வயது ஆள், எப்போதும் எதையாவது பேசிக்கொண்டே இருப்பவர்.

“நான் குடுத்த கட்டு என்ன ஆச்சு? சொல்லுங்க.”

“இன்னாத்த சொல்றது. செயலாளர் சாரு வேட்டிய சுத்தி குட்த்தேன். அதுல அவரு காரப் பத்தி யாரோ இன்னாமோ எழுதிக்கிறாங்களாம். கீழ எறங்கி வந்து, எவன் எழுதினான்னு சொல்லு, இல்லாங்காட்டி வண்டிய எட்றான்னுட்டாரு. நாயித்துக்கிழம சங்கத்துல தீர்மானம் போடப் போறாராம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“தெர்லன்னேன். எனக்கு பேப்பர்னா துணி சுத்தறதுக்கு. படிச்சிக்கினா சுத்துவாங்க?”

என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டையும் என் கையிலிருந்துதான் வாங்குகிறார். பேரைச் சொல்லியிருந்தால் அவர் வண்டி அங்கேயே நின்றிருக்கும். சொல்லவில்லை. இருபது வருஷமாக நிற்கும் இடம், சுற்றி இருக்கும் நாலு தெரு வாடிக்கை, எல்லாம் ஞாயிற்றுக்கிழமையோடு போய்விடும். ஸாரி என்று சொல்ல வாயெடுத்தேன். சனியன் பிடித்த வாய், “ஏன் முன்னாடியே சொல்லல?” என்று அவரையே அதட்டியது.

“நீ திட்டுவன்னுதான்” என்றார்.

நேராக இரண்டாம் மாடிக்கு ஏறினேன். செயலாளர்தான் கதவைத் திறந்தார். பஞ்சு மாதிரி வெளுத்த வேட்டி. கூடத்து மேஜையில் அந்தப் பேப்பர், மேலே கண்ணாடிக் கூடு வைத்து, பறக்காமல் பத்திரமாக இருந்தது.

“வாங்கோ, உக்காருங்கோ.”

“உக்கார வரல சார். அத எழுதினது நான். வண்டிக்காரருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது.”

“தெரியுமே” என்றார். “சங்கத்துப் புகார் நோட்டுல இதே கையெழுத்துல பதினோரு புகார் இருக்கு. மோட்டார் சத்தம், மாடிக் கதவு, என் செருப்பு ஸ்டாண்ட். எனக்கு அடையாளம் தெரியாதா?”

“தெரிஞ்சுக்கிட்டே அந்த ஆள எதுக்கு மிரட்டினீங்க?”

“நீங்க படியேறி வரேளான்னு பாத்தேன். வந்துட்டேள். ஒரு மன்னிப்புக் கேளுங்கோ, தீர்மானத்தக் கிழிச்சுப் போட்டுடறேன். கேக்கலேன்னா ஞாயித்துக்கிழமை அது நிறைவேறிடும். வண்டியும் நடைபாதையிலதானே நிக்கறது?”

“உங்க காரும் அங்கதான் சார் கிடக்குது. வண்டியத் தள்ளினா நகரும். உங்க காரை நாலு பேர் சேர்ந்து தூக்கணும்.”

“அதான் எழுதிட்டேளே. மாலை போடாத குறைதான்னு.” அவர் கண்ணாடிக் கூட்டை எடுத்து ஓரமாக வைத்தார். “பையன் வாங்கிக் குடுத்துட்டு வெளிநாடு போனது. எனக்கு ஓட்டத் தெரியாது. விக்க மனசு வரல. நீங்க பாட்டுக்குப் பொணம்ங்கறேள்.”

பிணம் என்று நான் எழுதவில்லை. அதைச் சொல்லிக்காட்டலாமா என்று யோசித்தேன். உள்ளே சமையலறையில் அவர் மனைவி பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் நின்றுபோயிற்று. காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. கீழே புங்க மரத்தடியில் இஸ்திரிக்காரர் கரியை விசிறிக்கொண்டிருப்பது பால்கனி வழியாகத் தெரிந்தது.

ஸாரி கேட்பதில்லை என்று முடிவு எடுத்தது நான். அதற்கு அவர் ஏன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்? முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முன்னால் கோத்து, முப்பது வருஷத்துச் சிரிப்பை முகத்தில் கொண்டுவந்தேன்.

“ஸாரி சார்” என்றேன். “அடுத்த வாரம் புது ஸ்டாக் வருது.”

செயலாளர் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பாதி ஆட்டும்போது நின்றுவிட்டார். சமையலறையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

“வரட்டும், வரட்டும்” என்றார் அந்த மாமி. “ஆறு மாசமா இவர் வேட்டில வந்த பேப்பரெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். போன வாரம் சீக்கிரம் அடுத்தது வரணும்னு, அலமாரில மடிச்சு வெச்சிருந்த பெட்ஷீட்டக்கூட இஸ்திரிக்குப் போட்டேன்னா பாத்துக்கோங்கோளேன்.” கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க அந்தத் தீர்மானத்தக் கிழிங்கோண்ணா. அவர் வண்டி போயிடுத்துன்னா நான் எதப் படிக்கறது?”

கிழித்தார். எட்டாக மடித்து, நிதானமாகத்தான் கிழித்தார். நான் இருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

கீழே வந்து இஸ்திரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். போகிறபோக்கில், “உங்ககிட்டயும் ஸாரி” என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். “உடம்பு கிடம்பு சரியில்லியாக்கா?” என்றார்.

இரண்டு வாரம் கழித்து கார் போயிற்று. பூனைக்குட்டிகள் பெரிதாகி வெளியேறிவிட்டதால்தான் எடுத்ததாகச் செயலாளர் எல்லோரிடமும் சொல்கிறார். இருக்கட்டும். இஸ்திரிக்காரர் அன்றே வண்டியை நான்கு அடி நகர்த்தி, மரத்தின் நல்ல நிழலில் போட்டுக்கொண்டார். அவருக்கு இப்போது பேப்பர் இரண்டு வீட்டிலிருந்து வருகிறது.

நேற்று என் புடவை பேப்பரில் சுற்றி வந்தது. என் பேப்பர் இல்லை. ‘முதியோருக்கு இலவச யோகா: கோபம் தணியும்’ என்ற தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில், பொடி எழுத்தில் ஒரு வரி. ‘முதல் மாடியில் ஒருவருக்கு அவசரத் தேவை.’

முதல் மாடியில் இருப்பது நான்தான். பேனாவைத் தேடி எடுத்து அதன் கீழேயே எழுதினேன். ‘வருகிறேன். பாய் விரிக்க நடைபாதையில் இப்போது இடம் இருக்கிறது.’ அதைக் கொண்டுபோய் வண்டியில், எல்லாப் பேப்பருக்கும் மேலே வைத்துவிட்டு வந்தேன். செயலாளரின் வேட்டி வெள்ளிக்கிழமை இஸ்திரிக்கு வரும்.