கெடு தாண்டக் காத்திருந்தவள்

ஜூலை 16, புதன்கிழமை, காலை 10.40. விடாத மழை. குமுளி போகும் வழியில் மரம் விழுந்து பேருந்து நின்றுவிட்டது. முழங்கால் வலிக்காக இந்த மாதம் மூன்றாவது முறையாக டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தேன். அலுத்துவிட்டது.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் மட்டும் பதறவில்லை. ஏலக்காய் பறித்துக் கறுத்த நகங்களை ஊக்கால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“காலேஜுக்கு நேரமாகலையாம்மா?”

“ஆகட்டும் தாத்தா. பி.காம். கூட மைனர் பாடமா லத்தீன் அமெரிக்கப் பண்பாடு எடுத்திருக்கேன். அப்பா கம்ப்யூட்டருக்கு மாத்தச் சொல்றாரு. இன்னிக்கு நேர்ல போய் எழுதிக் குடுக்கணும், பன்னெண்டு மணிக்கு மேல மாத்த முடியாது.”

“அதைப் படிச்சு என்ன செய்வ?”

“குவாத்தமாலா ஏலக்காய்தான் நம்ம விலையைக் கெடுக்குதுன்னு இங்க ஏசுறாங்கல்ல? அங்க நம்மள எப்படி ஏசுறாங்கன்னு பாக்கணும்.”

அப்பாவிடமிருந்து அழைப்பு வந்தது. போனை என்னிடம் நீட்டினாள். “ஜீப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க தாத்தா.”

சுற்றுவழியில் போகும் ஜீப் ஒன்று எதிரிலேயே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

“ஒரு ஜீப்பும் வரலப்பா” என்றேன்.

அப்படிச் சொல்லிவிட்டு நான் மட்டும் அதில் ஏற மனம் வரவில்லை.

மரத்தை அறுத்து வழிவிட்டபோது மணி 12.20. அவள் நன்றிகூடச் சொல்லாமல் தூங்கிப்போயிருந்தாள். முன்பின் தெரியாத என்னை எதை வைத்து நம்பினாள் என்று இன்றுவரை விளங்கவில்லை. டாக்டருக்கு மறுபடி டோக்கன் போட முந்நூறு ரூபாய் ஆனது.