முப்பதடிக்கு அப்பால் ஒரு கித்தார்

இதை நம்பும்படி யாரையும் கேட்கப்போவதில்லை. நடந்தது நடந்தபடியே இங்கே சொல்லப்படுகிறது. ஆம்ப்ரோஸும் அவனுடைய நண்பன் சீனுவும் இன்றும் பெங்களூர் ஈஜிபுராவில்தான் இருக்கிறார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் அதன்பின் கித்தாரைத் தொடவில்லை.

2003ஆம் ஆண்டு, ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். சர்ச்சில் பூசை முடிந்து, பிரியாணியும் உண்டு, தெருவே உறங்கிக்கொண்டிருந்தது. வனஜாக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறையில் ஆம்ப்ரோஸ் மட்டும் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஓஸ்வால்டின் இசைக்குழுவில் கித்தார் வாசிக்க ஓர் இடம் காலியாகியிருந்தது. மறுநாளைக்குள் ஒரு பாட்டைப் பிசிறின்றிப் பதிவு செய்து கொடுத்தால் அது அவனுக்கு. அதை நம்பி, இருந்த வேலையையும் விட்டிருந்தான்.

பதிவுதான் கூடிவரவில்லை. கித்தாரின் வயர் நேராகக் கணினிக்குள் போனது. கணினி அந்த ஒலியை வாங்கி ஹெட்ஃபோனுக்குத் திருப்பி அனுப்பியது. விரல் முந்தியது, ஒலி பிந்தியது. அந்த இடைவெளியில் தாளம் நழுவிக்கொண்டே இருந்தது. கணினியைப் பொருத்திக் கொடுத்த சீனுவுக்குப் போன் செய்தான்.

“டிலே எவ்ளோ காட்டுது?”

“முப்பது மில்லி செகண்டு.”

“ஜாஸ்திதான் குரு. ஒரு மில்லி செகண்டுக்கு சத்தம் ஒரு அடி போவும். முப்பதுன்னா, முப்பதடி தள்ளி எவனோ உக்காந்து வாசிக்கிறான்னு வெச்சுக்கோ. செட்டிங்ல பஃபர்னு ஒரு நம்பர் இருக்கும் பாரு, அத ஸ்வல்ப ஸ்வல்பமா கம்மி பண்ணு. கிட்ட வந்துடுவான்.”

“யாருடா?”

“ஒங்க தாத்தா. கித்தாருடா, வேற யாரு?”

ஆம்ப்ரோஸ் சிரித்துக்கொண்டே குறைத்தான். இருபது.

ஒலி நெருங்கியது. சிக்கல் தீர்கிறது என்றுதான் நினைத்தான். ஆனால் மூன்றாவது வரியில் சுண்டுவிரல் வழுக்கி, தந்தி கரகரத்தது. ஹெட்ஃபோனில் கரகரப்பு இல்லை. அந்தச் சுரம் சுத்தமாக விழுந்தது...

ஏதோ தற்செயல் என்று தேற்றிக்கொண்டு, பதிவுப் பொத்தானை அழுத்தி ஓடவிட்டு, இன்னும் குறைத்தான். பத்து.

பத்தடியில் அறைக் கதவு இருந்தது. ஒலி இப்போது இரு காதிலும் சமமாக இல்லை. கதவுப் பக்கத்துக் காதில் மட்டும் கேட்டது. எழுந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது. நாளைக்குள் கொடுத்தாக வேண்டுமே. மறுபடியும் குறைத்தான்.

ஆறு.

ஆறடியில் அவனுடைய கட்டில்.

வேண்டுமென்றே தந்தியிலிருந்து கையை எடுத்தான்.

வாசிப்பு நிற்கவில்லை.

கித்தாரிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தான். ஒரு காதை மட்டும் விடுவித்து மீண்டும் போனை எடுத்தான்.

“சீனு, வயர புடுங்கிட்டேன். இன்னும் கேக்குது.”

“எக்கோ எதனா ஆன் பண்ணியிருப்ப, பாரு.”

“இல்லடா.”

“டிலே எவ்ளோ இப்போ?”

“ஆறு... இல்ல. நாலு.”

“நீ கம்மி பண்றியா?”

“நான் மௌஸ தொடவே இல்ல.”

மூன்று.

முதுகுக்குப் பின்னால் துணி உரசியது. சரக்...

இரண்டு.

திரும்பிப் பார்க்கக் கழுத்து ஒத்துழைக்கவில்லை.

ஒன்று.

பாட்டின் கடைசிச் சுரம் காதுக்குள்ளேயே விழுந்தது. ஹெட்ஃபோனை வீசிவிட்டுப் படிகளில் விழுந்தடித்து ஓடினான்.

மறுநாள் சீனு போய்ப் பார்த்தபோது, பாட்டு முழுவதும் பதிவாகியிருந்தது. ஒரு பிசிறு இல்லை. நண்பனின் பிழைப்பை நினைத்து, அதைக் கொண்டுபோய் ஓஸ்வால்டிடம் கொடுத்தான். கேட்டு முடித்த ஓஸ்வால்ட், “இந்தப் பையனையே வரச் சொல்லு,” என்றார்.

ஆம்ப்ரோஸ் போகவில்லை. வரச் சொன்னது தன்னையல்ல என்பது அவனுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் சீனு வெகுநாள் கழித்தே சொன்னான். கொடுப்பதற்கு முன், பதிவின் கடைசித் துண்டை அவன் வெட்டி எறிந்திருந்தான். அதில், படியிறங்கி ஓடும் காலடிகள் தேய்கின்றன. நாற்காலி கிறீச்சிடுகிறது. யாரோ நிதானமாக உட்கார்கிறார்கள். பிறகு, மிக அருகில், ஒரு நீண்ட மூச்சு...

கித்தாரின் வயருக்குத் தந்தியின் ஒலி மட்டுமே தெரியும். அந்த அறையில் மைக் இருந்ததேயில்லை.